பழைய ஜேசிபி: தூக்கிய பூம் தானாக இறங்குகிறது

பொள்ளாச்சி கோபாலபுரம் பக்கம் தென்னந்தோப்பு. வாய்க்கால் தூர்வார, குழி எடுக்க என்று எப்போதாவது ஓட்ட ஒரு பழைய ஜேசிபி பார்த்திருக்கிறேன். 2011 மாடல் 3டிஎக்ஸ், கேரளப் பதிவு, கொழிஞ்சாம்பாறையில் நிற்கிறது. எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் மணி மீட்டர் வேலை செய்யவில்லை.

காலையில் இன்ஜின் சூடாகும் முன்பே போய் ஸ்டார்ட் செய்து பார்த்தேன், உடனே எடுத்தது, புகை சீக்கிரம் நின்றது, ஆயிலில் தண்ணீர் கலந்த நிறம் இல்லை, கியரும் தயங்காமல் விழுகிறது. மூட்டுகளில் இருக்கும் பின்னும் (கம்பி) புஷ்ஷும் (உறை) தேய்ந்து கொஞ்சம் ஆட்டம் உண்டு, அதை மாற்றிக்கொள்ளலாம். கவலை பூம்தான், அதாவது பின்பக்கம் தோண்டும் கையின் பெரிய பகுதி. ஹைட்ராலிக் ஆயில் நன்றாகச் சூடான பிறகு பின்பக்க பூமைத் தூக்கி இன்ஜினை நிறுத்தினால் மெல்ல இறங்கிவிடுகிறது. பூமைத் தூக்கும் சிலிண்டரின் ராடில் கசிவோ கீறலோ இல்லை. சிலிண்டருக்குள் இருக்கும் சீல்களை மாற்ற சீல் கிட் போட்டால் போதும் என்கிறார் ஓனர், எங்கள் மெக்கானிக் ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கில்தான் கோளாறு என்கிறார், செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

முழுசாகப் பிரிக்காமல், வண்டி நிற்கும் இடத்திலேயே, கசிவு சிலிண்டருக்குள்ளா வால்விலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?