பேக்கப் எடுக்க 40 நிமிஷம் ஆகுதுன்னு தள்ளிப்போட்டேன், மைன்கிராஃப்ட்ல கட்டின லைப்ரரி பாதி போச்சு. உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க

மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷன்ல (கட்டை கட்டையா அடுக்கி கட்டுற கம்ப்யூட்டர் கேம்) நானும் என் தம்பியும் 2021-ல ஆரம்பிச்ச ஒரே உலகத்தைத்தான் இன்னைக்கு வரைக்கும் விளையாடிட்டு இருக்கோம். ஆரம்பத்துல அந்த ஃபோல்டர் 300 எம்பி கூட இருக்காது, தினமும் ராத்திரி மூடுறப்போ ஜிப் பண்ணி எக்ஸ்டெர்னல் டிஸ்க்ல போட்டுருவேன், ரெண்டு நிமிஷ வேலை. போகப் போக தம்பி மேப் முழுக்க சுத்த ஆரம்பிச்சான், கிராமம் தேடிப் போனான், கடல் தாண்டிப் போனான், போன இடமெல்லாம் ஃபைல்ல ஏறிட்டே இருந்துச்சு, கடைசியில 9 ஜிபி. ஜிப் பண்ண 40 நிமிஷம். தூக்கம் கண்ணைச் சுத்துற நேரத்துல அதுக்குன்னு உக்காந்திருக்க முடியல, தினமும் எடுத்தது வாரத்துக்கு ஒண்ணாச்சு, அப்புறம் இந்த கோபுரம் முடியட்டும் எடுத்துக்கலாம்னு ஆச்சு. "அக்கா, பேக்கப் எடுத்தியா?"ன்னு அவன் கேப்பான், நாளைக்கு எடுக்குறேன்டான்னு சொல்லிட்டுப் படுத்துருவேன்.

ஒரு நாள் விளையாடிட்டு இருக்கும்போதே கரண்ட் போச்சு. வந்ததும் திறந்து பாத்தா உலகம் திறக்குது, அப்பாடான்னு இருந்துச்சு. தம்பி கட்டின லைப்ரரி பக்கம் போனேன். கதவு இருக்கு, முதல் ரெண்டு வரிசை அலமாரி இருக்கு, அதுக்கு அப்புறம் கத்தி வச்சு வெட்டின மாதிரி ஒரு நேர்கோடு, அந்தப் பக்கம் மண் மேடும் ஒரு ஓக் மரமும். நாங்க அங்க கால் வைக்கிறதுக்கு முன்னாடி அந்த இடம் எப்படி இருந்துச்சோ அப்படியே. சேவ் எழுதிட்டு இருக்கும்போது பாதியில நின்னதால அந்தத் துண்டை கேம்மால படிக்க முடியல, அதனால சீட் (seed), அதாவது உலகத்தை உருவாக்குற எண், அதுல இருந்து புதுசா நிலத்தை உருவாக்கி வச்சிருச்சு. தம்பி நாலு மாசம் ஒவ்வொரு கட்டையா வச்ச இடம் அது. ஒரு வார்த்தை பேசல, ஹெட்செட்டைக் கழட்டி மேஜை மேல வச்சுட்டு எழுந்து போயிட்டான்.

கடைசியா எடுத்த பேக்கப் 7 வாரம் பழசு. முழுசா அதுக்குத் திரும்பிப் போனா 7 வாரத்துல கட்டின மத்ததெல்லாம் போயிரும். அப்போதான் ரீஜியன் ஃபைல் பத்தி உக்காந்து படிச்சேன். உலகம் ஒரே ஃபைலா இருக்காது, 512க்கு 512 பிளாக் கொண்ட சதுரங்களா வெட்டி, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு எம்சிஏ (.mca) ஃபைல் வச்சிருக்கும், அதுதான் ரீஜியன் ஃபைல், ஒவ்வொண்ணுக்குள்ளயும் சங்க்னு (chunk) சொல்ற சின்னத் துண்டு 1024. கேம்ல இருக்கும்போது கீபோர்டுல எஃப்3 அமுக்கினா நாம நிக்கிற இடம் எந்த ரீஜியன் ஃபைல்ல இருக்குன்னு பேரோட காட்டும். லைப்ரரி நடுவுல நின்னு அந்தப் பேரை எழுதிக்கிட்டேன், கேமை மூடிட்டு, இப்ப இருக்குற ஃபோல்டரை முழுசா வேற இடத்துல ஒரு காப்பி போட்டுட்டு, பழைய பேக்கப்ல இருந்து அந்த ஒரே ஒரு ஃபைலை மட்டும் எடுத்து வச்சேன். லைப்ரரி வந்துருச்சு. அந்தச் சதுரத்துல மட்டும் 7 வார வேலை போச்சு, மத்தது எல்லாம் அப்படியே இருக்கு.

இப்ப அந்த 40 நிமிஷத்துக்கு வர்றேன், ஏன்னா இதைத்தான் முக்கியமா சொல்லணும்னு நினைச்சேன். எம்சிஏ ஃபைலுக்குள்ள ஒவ்வொரு சங்கும் ஏற்கனவே சுருக்கித்தான் இருக்கு. சுருக்கினதை நான் மறுபடி சுருக்கிட்டு இருந்திருக்கேன், 9 ஜிபி ஜிப் ஆனதுக்கு அப்புறமும் எட்டரை ஜிபி. அந்த அரை ஜிபிக்காக ப்ராசஸர் 40 நிமிஷம் உழைச்சிருக்கு! ஜிப்தான் வேணும்னா கம்ப்ரஷன் இல்லாம ஸ்டோர்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதுல போடுங்க. ஆனா அதை விட நல்லது ஜிப்பே வேண்டாம், மாறின ஃபைலை மட்டும் காப்பி பண்ணுங்க. ஒரு ராத்திரி வீட்டைச் சுத்தி விளையாடினா மாறுறது கொஞ்ச ஃபைல்தான், தம்பி என்னைக்கோ போயிட்டு வந்த தூரத்து ரீஜியன் எல்லாம் தொடாமலே கிடக்கும். விண்டோஸ்லயே ரோபோகாப்பின்னு (robocopy) ஒரு கமாண்ட் இருக்கு, லினக்ஸ்ல ஆர்சிங்க் (rsync), ரெண்டும் தேதியும் சைஸும் பாத்து மாறினதை மட்டும்தான் எடுக்கும். எனக்கு இப்ப ஒரு நிமிஷம் கூட ஆகல.

இன்னொண்ணு, கேம் ஓடிட்டு இருக்கும்போது காப்பி எடுக்காதீங்க. நாம பத்தாவது ஃபைலை காப்பி பண்றப்போ அது மூணாவது ஃபைலை மாத்தி எழுதிட்டு இருக்கும், ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. சர்வர் வச்சிருந்தா சேவ் ஆஃப் (save-off) கமாண்ட், அப்புறம் சேவ் ஆல் ஃப்ளஷ் (save-all flush), காப்பி முடிஞ்சதும் மறக்காம சேவ் ஆன் (save-on). தனியா விளையாடுறவங்க டைட்டில் ஸ்க்ரீனுக்கு வந்து கேமை மூடிட்டு எடுத்தா போதும்.

உங்களுக்கு என்ன நடந்துச்சு, எப்படி மீட்டீங்கன்னு எழுதுங்க.

*

அக்கா, நீங்க செஞ்ச மாதிரியே நானும் ரீஜியன் ஃபைலை மட்டும் மாத்தினேன், பெட்டி எல்லாம் வந்துச்சு, ஆனா பெட்டி மேல மாட்டியிருந்த ஐட்டம் ஃப்ரேம் (பொருளை மாட்டிக் காட்டுற சட்டம்) ஒண்ணு கூட சரியா இல்ல, என் நாயும் இல்ல. கேமோட 1.17 வெர்ஷன்ல இருந்து மிருகம், ஃப்ரேம், ஆர்மர் ஸ்டாண்ட், மைன்கார்ட் இதெல்லாம் என்டிட்டீஸ்னு (entities) தனி ஃபோல்டர்ல இருக்கு, ரீஜியன் ஃபைல் என்ன பேரோ அதே பேர்ல அங்கயும் ஒரு ஃபைல் இருக்கும், ரெண்டையும் சேத்துதான் மாத்தணும். பிஓஐன்னு (poi) மூணாவது ஃபோல்டர் ஒண்ணும் இருக்கு, கிராமத்துக்காரங்களோட படுக்கை, வேலை இடம் எல்லாம் அதுல. மூணையும் எடுத்து வச்சதும் நாய் அதே கதவு பக்கத்துல உக்காந்திருந்துச்சு, பாத்ததும் அழுதுட்டேன்.

*

ரோபோகாப்பி நல்லதுதான், ஆனா அதுல மிரர் ஆப்ஷன் போடுறவங்க தயவுசெஞ்சு கவனிங்க. மூலத்துல இல்லாதது பேக்கப்ல இருந்தா அதை அழிச்சிரும், அதோட வேலையே அதுதான். நான் தெரியாம ஒரு சேவ் ஃபோல்டரை டெலீட் பண்ணிட்டேன், அது தெரியாமலே ராத்திரி ஷெட்யூல்ல மிரர் ஓடி பேக்கப்லயும் போயிருச்சு, காலையில ரெண்டு இடத்துலயும் காலி. க்ளவுட் சிங்க்கும் அதே கதைதான், இங்க கெட்டா அங்கயும் கெட்டதுதான் போய் உக்காரும். இப்ப திங்கள், புதன், வெள்ளின்னு மூணு ஃபோல்டர் வச்சு மாத்தி மாத்தி எடுக்குறேன், ஒண்ணு கெட்டாலும் ரெண்டு மூணு நாள் முன்னாடி உள்ளது இருக்கும்.

அப்புறம் ஆன்டிவைரஸ். குட்டிக் குட்டி ஃபைல் நிறைய இருந்தா ஒவ்வொண்ணையும் திறந்து பாத்துட்டுதான் விடும், அதனாலயும் காப்பி இழுக்கும்.

*

நான் ஃபாக்டோரியோ ஆளு, ஃபேக்டரி கட்டுற கேம் அது. எனக்குப் பிரச்சனை பேக்கப் இல்ல, கேம் தானா சேவ் பண்ற ஆட்டோசேவ். ஃபேக்டரி பெருசாக ஆக ஒவ்வொரு ஆட்டோசேவுக்கும் கேம் அப்படியே உறைஞ்சு நிக்கும், நண்பர்களோட விளையாடுறப்போ எல்லாரும் நிக்கணும். எரிச்சல்ல ஆட்டோசேவையே நிறுத்தி வச்சேன், அந்த வாரமே கேம் க்ராஷ் ஆகி மூணு மணி நேர ரயில் பாதை மொத்தமும் போச்சு. செட்டிங்ஸ்ல இடைவெளியைக் கூட்டலாம், எத்தனை ஆட்டோசேவ் வச்சுக்கணும்னும் மாத்தலாம், நிறுத்தவே வேண்டாம். லினக்ஸ், மேக் வச்சிருக்கவங்களுக்கு நான்-ப்ளாக்கிங் சேவிங்னு (non-blocking saving) ஒரு வசதி இருக்கு, கேம் ஓடிட்டே இருக்க பின்னாடி ஒரு தனி ப்ராசஸ் சேவ் எழுதும், ரேம் மட்டும் தாராளமா வேணும்.

*

ஸ்டார்ட்யூ வேலின்னு பண்ணை கேம் விளையாடுறவங்களுக்குச் சின்னதா: ராத்திரி படுத்தாதான் சேவ் ஆகும், சேவ் ஃபோல்டர்ல முந்தின நாளோடது பேர் கடைசியில ஓல்டுன்னு சேந்து இருக்கும். சேவ் கெட்டுப்போச்சுன்னா மெயின் ஃபைல், சேவ்கேம்இன்ஃபோ (SaveGameInfo) ரெண்டுக்கும் அததோட ஓல்டு ஃபைலைப் பேர் மாத்தி வச்சா ஒரு நாள் பின்னாடி போய் நிக்கும். என் மக பண்ணை அப்படித்தான் திரும்பக் கிடைச்சுது.

*

எல்லாருக்கும் நன்றி. நாய் கதையைத் தம்பிக்குப் படிச்சுக் காட்டினேன், உடனே போய் என்டிட்டீஸ் ஃபோல்டரைப் பாத்தோம், நாங்களும் அதை விட்டுட்டோம். 7 வாரம் பழைய பேக்கப்ல இருந்து அந்தச் சதுரத்துக்கான ஃபைலையும் பிஓஐ ஃபைலையும் எடுத்து வச்சதும் லைப்ரரி உள்ள ஃப்ரேம்ல மாட்டியிருந்த மேப் எல்லாம் சுவத்துக்கு வந்துருச்சு.

நேத்து இன்னொண்ணும் செஞ்சோம். பேக்கப் ஃபோல்டரை வேற பேர்ல சேவ்ஸ் ஃபோல்டருக்குள்ள காப்பி போட்டு, தனி உலகமா திறந்து உள்ள நடந்து பாத்தோம். தம்பிதான் கீபோர்டைப் பிடிச்சிருந்தான், நேரா லைப்ரரிக்குப் போனான், கடைசி வரிசை வரைக்கும் போய் சுவத்தைத் தொட்டுட்டு, "இருக்குக்கா"ன்னான்.