தம்பியை அடிக்கவில்லை, என்னைத்தான் ஒதுக்கிவிட்டாள்

கேள்வி: அரைத்தூக்கம்

மகளுக்கு 2 வயது 4 மாதம். மகன் பிறந்து இன்று 19-ஆம் நாள். சிசேரியன்.

பிரசவத்துக்கு முன்பு எல்லோரும் என்னை ஒரே விஷயத்துக்குத்தான் தயார்ப்படுத்தினார்கள். பெரியவள் சின்னவனைக் கிள்ளுவாள், அடிப்பாள், ஒரு கண் வைத்துக்கொள் என்று. நானும் இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. வீட்டுக்குப் புதிதாக ஒரு நாற்காலி வந்தால் எப்படிப் பார்ப்பாளோ, அப்படிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள். அவனை "அது" என்றுதான் சொல்கிறாள். "அது அழுது." அதோடு சரி. ஒரே ஒரு முறை தன் துணி முயலைக் கொண்டுவந்து தொட்டிலில் அவன் முகத்துக்குப் பக்கத்தில் போட்டாள். நான் பயந்துபோய் உடனே எடுத்துவிட்டேன்.

கோபமெல்லாம் என் மேல்தான்.

மருத்துவமனையில் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தபோது, குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனேன். யாரோ சொன்ன யோசனை அது. ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், தன் ஒற்றைச் செருப்பை எடுத்தாள், அப்பாவிடம் போய் "வெளிய போலாம்" என்றாள். அன்றிலிருந்து அப்பா குளிப்பாட்ட வேண்டும், அப்பா ஊட்ட வேண்டும், அப்பா பக்கத்தில்தான் படுக்கை. நான் தண்ணீர் டம்ளரை நீட்டினால் "கீழ வை" என்கிறாள். நான் வைத்த அதே டம்ளரை அப்பா எடுத்துக் கொடுத்தால் குடிக்கிறாள். இதைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இரண்டாம் நாள் ஒரே ஒரு முறை என்னிடம் வந்து "தூக்கு" என்றாள். பச்சைக் குழந்தையைவிடக் கனமான எதையும் ஆறு வாரத்துக்குத் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இவள் 12 கிலோ. "பாப்பா வந்ததால அம்மாவுக்கு வயிறு வலிக்குதுடா, தூக்க முடியாது" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

பால் கொடுப்பதைப் போனில் குறித்து வருகிறேன். நாளுக்குப் பத்து முறை, ஒவ்வொன்றும் முப்பத்தைந்து நிமிடம். கூட்டினால் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அவள் சத்தத்தில் இவன் பால் குடிப்பதை விட்டுவிடுகிறான் என்பதால் அறைக் கதவைச் சாத்திவிடுகிறோம். மூன்று மாதமாகக் கழிவறைக்குச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தவள் இப்போது நின்ற இடத்திலேயே நனைத்துவிடுகிறாள், அதுவும் சரியாக நான் பால் கொடுக்க உட்காரும் நேரத்தில், அந்தக் கதவுக்கு வெளியே.

கணவரின் விடுப்பு அடுத்த வாரம் முடிகிறது. பிறகு பகல் முழுக்க இருவரோடும் நான் தனியாக. என்னிடம் வரவே மாட்டேன் என்கிற ஒருத்தியை நான் எப்படிச் சாப்பிட வைப்பேன்? இரண்டு மூன்று நாளாகக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா? எத்தனை நாளில் சரியானது?

பதில்: இருபத்தொரு மாத இடைவெளி

எனக்கு நடந்தது. என் மூத்தவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த என்னை மூன்று நாள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான் பேசினால் சுவரைப் பார்ப்பான். இப்போது அவனுக்கு 6 வயது. இரண்டு நிமிடம் என்னை விட்டுப் பிரிய மாட்டேன் என்கிறான், அது வேறு தொல்லை.

உங்கள் பதிவில் இரண்டு இடங்களில் நின்று படித்தேன். முதலாவது, "பாப்பா வந்ததால தூக்க முடியாது." நீங்கள் சொன்னது உண்மைதான். ஆனால் அவள் காதில் விழுந்தது, அவன் வந்தான், எனக்கு அம்மா மடி போச்சு என்பது. நானும் இதையே செய்தேன். "பாப்பா தூங்குது சத்தம் போடாதே", "பாப்பாவுக்குப் பசி, அப்புறம் வரேன்" என்று எல்லாவற்றுக்கும் பாப்பா மேல்தான் பழி. ஒரு நாள் என் அம்மாதான் சொன்னார், "உன் பெரிய பிள்ளைக்கு நீ முடியாதுன்னு சொல்றதையெல்லாம் சின்னவ பேருல எழுதுறியே" என்று. அதற்குப் பிறகு "என் கை இப்போ வேலையா இருக்கு" என்று மாற்றிக்கொண்டேன். தலைகீழாகவும் செய்து பாருங்கள். சின்னவன் தூங்கிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, அவள் காதில் விழ, "தம்பி, நீ கொஞ்சம் பொறு, அக்காவுக்குச் செருப்பு மாட்டிவிட்டு வரேன்" என்று சொல்லுங்கள். அவனுக்கு என்ன தெரியப்போகிறது!

இரண்டாவது, கதவு. அதைத் திறந்து வையுங்கள். தரையில் பாய் விரித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கொடுங்கள் (உட்காரவும் எழவும் யாராவது கை கொடுக்கட்டும், தையல் இருக்கிறது). நீங்கள் தூக்க முடியாதுதான், ஆனால் தரையில் இருந்தால் அவளே வந்து ஒட்டிக்கொள்ளலாம். அவன் இரண்டு வாய் குறைவாகக் குடித்தால் அரை மணி கழித்து மறுபடி கேட்பான், அவ்வளவுதான். வந்து உட்கார் என்று மட்டும் கூப்பிடாதீர்கள். பூனையைக் கூப்பிடுவது போலத்தான் இது, கூப்பிட்டால் வராது.

இன்னொன்று, அந்த "அது". ஜூடி டன், கரோல் கெண்ட்ரிக் என்ற இருவர் கேம்பிரிட்ஜில் 40 குடும்பங்களை இரண்டாவது குழந்தை பிறக்கும் முன்பிருந்தே கவனித்து 1982-இல் எழுதினார்கள். பிறந்த குழந்தையைப் பற்றி, அதற்கும் விருப்பு வெறுப்பு உண்டு என்பதுபோல மூத்த பிள்ளையிடம் பேசிய வீடுகளில், ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் நன்றாகப் பழகினார்களாம். அதைப் படித்த பிறகு நான், "இவ ஏன் அழறான்னு நினைக்கிற?" என்று மூத்தவனைக் கேட்க ஆரம்பித்தேன். "லாரி வேணுமாம்" என்பான். சரி, லாரியாகவே இருக்கட்டும்.

பதில்: நடைவண்டி

அந்த "அப்பா மட்டும்" அப்பாவாக நான் இருந்திருக்கிறேன். உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள்.

எனக்கு அது பிடித்திருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். இரண்டு வருடம் "அம்மா அம்மா" என்றிருந்தவள் திடீரென்று என்னை மட்டும் கேட்டால் யாருக்குத்தான் பிடிக்காது? அதனால் ஒரு தப்பு செய்தேன். சின்னது அழ ஆரம்பித்ததும் பெரியவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவேன், மனைவிக்கு உதவி செய்வதாக நினைத்து. ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது. குழந்தை அழுதால் தன்னை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அவள் கற்றுக்கொண்டிருந்தாள். அழுகைச் சத்தம் கேட்டதுமே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாள். உங்கள் பதிவில் ஒற்றைச் செருப்பைப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

பிறகு மாற்றினோம். பால் கொடுப்பது மட்டும்தான் என்னால் முடியாத வேலை. ஏப்பம் எடுக்க வைப்பது, டயப்பர், தோளில் போட்டு உலாத்துவது எல்லாம் என்னுடையது. ஒவ்வொரு முறையும் பால் குடித்து முடித்ததும் சின்னதை நான் வாங்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவேன். அந்தப் பதினைந்து நிமிடம் அம்மா பெரியவளுக்கு. முதல் நாலைந்து தடவை அவள் என் பின்னாலேயே அழுதுகொண்டு வந்தாள். மனைவிக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, அப்படியும் விடவில்லை. விடுப்பு முடிவதற்குள் இதைத் தொடங்குங்கள்.

இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது, அழுகை இன்னும் உச்சத்துக்கு வரவில்லை. பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மாரைக் குறித்துவைக்கச் சொல்லி 1962-இல் வெளியிட்டார். அது வாரா வாரம் ஏறி, ஆறாவது வாரத்தில் நாளுக்குச் சுமார் இரண்டே முக்கால் மணி நேரத்தைத் தொட்டு, பிறகு இறங்கியது. என் அலுவலக விடுப்பு சரியாக அது ஏறுகிற நேரத்தில் முடிந்தது. உங்கள் கணவருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. சாயங்கால வேளைக்காவது யாரையாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பதில்: மூன்று வாலுகள்

எல்லோரும் "பெரியவளைக் குட்டி உதவியாளர் ஆக்குங்கள், டயப்பர் எடுத்துவரச் சொல்லுங்கள்" என்பார்கள். நானும் ஆக்கினேன். ஒரு வாரம் பெருமையாக எடுத்து வந்தாள். எட்டாம் நாள் "நீயே எடுத்துக்கோ, உன் பாப்பாதானே" என்றாள். நியாயமான பேச்சு.

நனைப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள். துடைத்து, உடுப்பை மாற்றிவிடுங்கள், சொற்பொழிவு வேண்டாம். எங்கள் வீட்டில் இரண்டு மாதம் ஓடியது, தானாக நின்றது.

அரைத்தூக்கம்

கதவு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. செருப்பு விஷயத்தைக் கணவர் இரண்டு முறை படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

பதில்: வார்டு நர்ஸ்

பிரசவ வார்டில் 16 வருடமாக இருக்கிறேன். சிலவற்றைச் சொல்கிறேன்.

முயலை எடுத்தது சரிதான். தொட்டிலில் பொம்மை, தலையணை, தளர்ந்த போர்வை எதுவும் கூடாது. சமமான, அழுத்தமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். பெரியவளைக் குழந்தைக்குப் பக்கத்தில் ஒரே படுக்கையில் தூங்க வைக்காதீர்கள். அவள் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் இருவரையும் ஓர் அறையில் தனியாக விட்டுப் போகாதீர்கள், குளியலறை வரை என்றாலும் சரி. ஆனால் அந்த முயல் அவள் கொடுத்த பரிசு. திருப்பிக் கொடுத்து, "தம்பிக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரம்தான் கண்ணு தெரியும், கையில பிடிச்சுக் கிட்டத்துல காட்டு" என்று சொல்லுங்கள். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். அவன் முயலைப் பார்ப்பதை அவளே பார்ப்பாள்.

பெரியவளுக்குச் சளி பிடித்தால் கையைக் கழுவச் சொல்லிவிட்டு, அவன் முகத்துக்குப் பதில் பாதத்தைத் தொடச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு உடல் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

அப்புறம் உங்களைப் பற்றி. குழந்தையைப் பற்றி இங்கே எல்லோரும் பேசிவிட்டார்கள், குழாயைத் திறந்துவிட்டு அழுவதை யாரும் கேட்கவில்லை. பிரசவமான முதல் வாரங்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சாதாரணம். அது பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். நீங்கள் 19-ஆம் நாளில் இருக்கிறீர்கள், அழுகையோ இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ஆறு வாரப் பரிசோதனை வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். எடின்பரோ அளவுகோல் என்று 1987-இல் வெளியான பத்துக் கேள்விகள் இருக்கின்றன. கடந்த ஏழு நாள் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும், ஐந்து நிமிட வேலை. உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அரைத்தூக்கம்

இன்று 30-ஆம் நாள். நர்ஸ் அம்மா, போனேன். பத்துக் கேள்வியில் ஏழாவதிலேயே அழுதுவிட்டேன். வாரம் ஒரு முறை பேச வரச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டாவது முறையும் போய்விட்டு வந்தேன். இரவில் ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி வைத்துவிடுகிறேன், கணவர் கொடுக்கிறார். எனக்குத் தொடர்ந்து நாலரை மணி நேரத் தூக்கம். அதுவே பாதி வைத்தியம் போலிருக்கிறது.

கதவு திறந்தே இருக்கிறது, நான் பாயில். முதல் இரண்டு நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் கட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அடுக்கினாள். கொஞ்ச நேரத்தில் அந்த முதுகு என் முழங்காலில் சாய்ந்தது. முகத்தைக் காட்டவில்லை. நான் மூச்சுவிடக்கூட பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டம்ளர் இன்னும் பேச்சுவார்த்தையில்தான் இருக்கிறது. கணவர் வேலைக்குப் போன முதல் நாள் மதியம் வரை தண்ணீரே குடிக்கவில்லை, பிறகு தாகம் ஜெயித்தது. தம்பி இன்னும் "அது"தான். ஆனால் ஏன் அழுகிறது என்று கேட்டால் காரணம் சொல்கிறாள். நேற்றுச் சொன்ன காரணம், "அதுக்கு அப்பா வேணும்."

நேற்று முன்தினம் என் வயிற்றைச் சுட்டிக்காட்டி "சரியாயிடுச்சா?" என்றாள். இந்த முறை பாப்பாவை இழுக்கவில்லை. "இன்னும் 14 நாள் இருக்கு, அப்புறம் டாக்டர் பார்த்துட்டுச் சரின்னு சொன்னா தூக்கலாம்" என்றேன். அவளுக்கு 14 எங்கே தெரியும். துணி காயப்போடும் கயிற்றில் 14 கிளிப்பை வரிசையாக மாட்டிவைத்து, காலையில் ஒன்று கழற்றலாம் என்று காட்டினேன். இன்றைக்கு 12 இருக்க வேண்டும், 11 இருக்கிறது. மீதி ஒன்று அவள் தலையணைக்கு அடியில் கிடைத்தது.