பழைய ஸ்போர்ட்ஸ் ஹேட்ச்பேக் கார் எடுக்கணும்: மேனுவலா, டிஎஸ்ஜியா? (கும்பகோணம் பக்கம் ஓட்ட)

அரசலாறு கேட்டது:

வணக்கம். சின்ன வண்டி, ஆனா நல்லா இழுக்கிற வண்டியா பழசுல ஒண்ணு எடுக்கணும். இரண்டு பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு 2016 போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர் டர்போ, 105 பிஎஸ், ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்), 78,000 கி.மீ., திருச்சியில் நிக்குது. இன்னொண்ணு 2016 அபார்த் புன்ட்டோ, 1.4 டி-ஜெட், 145 பிஎஸ், ஐந்து கியர் மேனுவல், 61,000 கி.மீ., காரைக்கால் பதிவு. விலை ஏறக்குறைய ஒண்ணுதான்.

தினமும் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போய் வரணும், மாசம் இரண்டு தடவை திருச்சி. மனசு டிஎஸ்ஜி பக்கம் போகுது, கியர் மாறுறதே தெரியல. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் லேசா உதறுது. ஏசி போட்டிருந்தா அப்படித்தான் இருக்கும்னு விற்கிறவர் சொல்றார். சரியா? இரண்டில் எதை எடுக்கலாம்?

கொள்ளிடக்கரை:

உதறலுக்கும் ஏசிக்கும் சம்பந்தம் இல்லைங்க. கம்ப்ரசர் ஏறினா ஐடில் கொஞ்சம் இறங்கும், அந்த நடுக்கம் வண்டி நின்ன இடத்திலும் தெரியும். நகர ஆரம்பிக்கிற அந்த ஒரு விநாடி மட்டும் உதறினா அது கிளட்ச்.

அந்த போலோவில் இருக்கிறது டிக்யூ200 என்கிற டிஎஸ்ஜி கியர் பெட்டி. உள்ளே இரண்டு கிளட்ச், இரண்டுமே எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். கே1 என்பது 1, 3, 5, 7 கியர்களுக்கு. கே2 என்பது 2, 4, 6, ரிவர்ஸுக்கு. ரிவர்ஸில் உதறுற வண்டியை இரண்டாவது கியரில் 10 கி.மீ. வேகத்தில் ஊர விட்டுப் பாருங்க. அங்கேயும் உதறினா கே2 தேஞ்சிருக்கு, இல்லேன்னா சூட்டில் பாலிஷ் ஏறிப்போச்சு. ஒரு கிளட்ச் மட்டும் மாத்த முடியாது, இரண்டும் ஒரே செட்.

மேனுவலா ஆட்டோமேட்டிக்கான்னு கேட்டிருக்கீங்க. நம்ம பக்கத்துக்கு அதைவிட முக்கியம், எந்த ஆட்டோமேட்டிக் என்கிறது. உங்க வழியையே எடுத்துக்கங்க: திருபுவனம், ஆடுதுறை, குத்தாலம், மூணு ஊர் கடைத்தெரு. தை மாச அறுவடையில் வைக்கோல் ஏத்தின டிராக்டர் பின்னாடி அஞ்சாறு கி.மீ. வேகத்தில் ஊரணும். அந்த வேகத்தில் முதல் கியர்கூட முழுசா பிடிக்காது, கிளட்ச் பாதி பிடிச்சு பாதி வழுக்கிக்கிட்டே இருக்கும். ஈரக் கிளட்ச்சா இருந்தா அந்தச் சூட்டை எண்ணெய் வாங்கிக்கும். உலர் கிளட்ச்சுக்குக் காத்து மட்டும்தான், அதுவும் ஊர்ற வண்டியில் காத்து எங்கே வரும்? டார்க் கன்வெர்ட்டர் பெட்டியில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் எண்ணெய்தான் தள்ளுது. ஊர்றது அதுக்கு அன்றாட வேலை.

அதனால ஆட்டோமேட்டிக்தான் வேணும்னா, 2020-க்குப் பிறகு வந்த 1.0 டிஎஸ்ஐ போலோவில் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் தேடுங்க. 110 பிஎஸ், இழுவை அதே 175 என்எம். கியர் மாத்தும் வேகம் டிஎஸ்ஜி அளவு வராது, பெட்ரோலும் கொஞ்சம் கூடக் குடிக்கும். ஆனா ஆடுதுறை கடைத்தெருவுக்குப் பயப்படாது. நீங்க சொன்ன இரண்டுக்குள்தான் என்றால் என் ஓட்டு மேனுவலுக்கு.

வெண்ணாறு:

கொள்ளிடக்கரை அண்ணன் சொல்றது ஊருக்குள் சரி. அதுக்காக டிஎஸ்ஜியை ஒரேயடியா ஒதுக்க வேண்டாம். தஞ்சாவூர்–திருச்சி நாலு வழியில் செங்கிப்பட்டி தாண்டி லாரியை முந்தும்போது அந்தப் பெட்டி கொடுக்கிற சுகம் வேறெதிலும் கிடைக்காது. கெடுறது பாதி பெட்டியால, பாதி ஓட்டுற விதத்தால. முன்னாடி வண்டி ஒரு அடி நகர்ந்தா நாமும் ஒரு அடி நகர்றதை விடணும். ஒரு கார் நீளம் இடம் விட்டு, நல்லா நகர்ந்து, மறுபடி பிரேக்கை அழுத்தி நிறுத்தணும். பிரேக் அழுத்தினா கிளட்ச் விலகிடும். மேட்டில் ஆக்ஸிலேட்டரை வச்சே வண்டியைப் பிடிச்சு நிக்கிறது பெரிய தப்பு, உலர் கிளட்ச்சை அதைவிட வேகமா எதுவும் கெடுக்காது.

முந்தின ஓனர் எப்படி ஓட்டினார்னு தெரியாது. அதனால சோதனை முக்கியம்.

கொள்ளிடக்கரை:

சோதனை முறையைச் சொல்லிடறேன்.

காலையில் போங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு முதல் நாளே சொல்லிடுங்க. போனதும் பானெட்டில் கை வைங்க, சூடா இருந்தா இன்னொரு நாள் வாங்க. ஸ்டார்ட் ஆன முதல் இரண்டு மூணு விநாடி எஞ்சின் பக்கவாட்டில் கடகடன்னு கேட்டா டைமிங் செயின் நீண்டிருக்கலாம், அது தனிச் செலவு. பிறகு டி-யில் போட்டு பிரேக்கை மெதுவா விடுங்க. சமதரையில் வண்டி தானா, ஒரே சீரா நகரணும்.

நம்ம ஊரில் மேடு கிடையாது. அதுக்கு ரயில்வே மேம்பாலமோ ஆத்துக்கரை ஏறுற சாய்வோதான். கீழ்ப் பார்த்து இறங்கி, பாதியில் நிறுத்தி, ரிவர்ஸில் மேலே ஏத்துங்க. கே2-வோட உண்மை நிலை அங்கே தெரியும். அடுத்து அரை மணி நேரம் கடைத்தெருவில் ஊர விட்டு, நல்லா சூடான பிறகு அதே சாய்வில் மறுபடியும். சில வண்டி குளிரில் நல்லா இருக்கும், சூட்டில்தான் உதறும்.

கடைசியா ஸ்கேன். எஞ்சினை மட்டும் படிக்கிற மலிவு கருவி போதாது, 02 முகவரியில் இருக்கிற கியர்பாக்ஸ் கன்ட்ரோலரைப் படிக்கிற கருவி வேணும். பி17பிஎஃப், பி189சி இந்த இரண்டு எரர் கோடு இருக்கான்னு பாருங்க. இரண்டுமே ஹைட்ராலிக் அழுத்தம் போதலைங்கிற புகார். கிளட்ச்சையும் கியரையும் தள்ளுற மெக்கட்ரானிக் யூனிட்டில் எண்ணெய் அழுத்தத்தைச் சேமிச்சு வைக்கிற அக்யூமுலேட்டர் இருக்கு. அது பிடிப்பு விட்டாலோ அந்த இடத்தில் விரிசல் விழுந்தாலோ பம்ப் ஓயாம ஓடும், பிறகு கன்ட்ரோலர் பாதுகாப்புக்காகப் பம்ப்பை நிறுத்திடும். வண்டி நின்ன இடத்தில் நிக்கும். யூனிட்டைப் புதுசா மாத்தினா லட்சத்தைத் தாண்டும்.

இன்னொண்ணு. "60,000-ல் டிஎஸ்ஜி ஆயில் மாத்தியாச்சு" என்று சொன்னா பில்லைக் கேளுங்க. அந்த 60,000 கணக்கு ஈரக் கிளட்ச் டிஎஸ்ஜிக்கு, ஆக்டேவியா விஆர்எஸ் 230-ல் இருக்கிற ஆறு கியர் பெட்டி மாதிரி. டிக்யூ200-ல் கியர் பக்கம் சுமார் 1.7 லிட்டர், மெக்கட்ரானிக்குத் தனியா 1 லிட்டர், இரண்டும் வேற வேற எண்ணெய். பில்லில் அஞ்சு ஆறு லிட்டர் போட்டிருந்தா, அந்த பில் இந்த வண்டியுடையது இல்ல.

நாகை உப்புக்காற்று:

புன்ட்டோ காரைக்கால் வண்டின்னு சொல்றீங்க. கியரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி தண்ணி ஏறின வண்டியான்னு பாருங்க. 2018 நவம்பர் 16 கஜாவை அது பார்த்திருக்கும், பிறகு வருஷா வருஷம் ஐப்பசி கார்த்திகை மழை வேற. ஸ்டெப்னி எடுத்துட்டு அந்தக் குழியில் மெல்லிசா வண்டல் படிஞ்சிருக்கான்னு பாருங்க. சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுங்க, கடைசி ஒரு முழத்தில் மண் கோடு இருந்தா நீர் அந்த மட்டத்துக்கு வந்திருக்கு. சீட் தண்டவாளத்தில் துரு, தரை விரிப்புக்கு அடியில் வாடை. இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் விவரத்தை எழுத்தில் வாங்கிக்கங்க.

அப்புறம் ரோட்டில் காயப் போடுற நெல்லும் வைக்கோலும். லிஃப்டில் தூக்கி டிரைவ் ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குள் நுழையிற இடத்தைப் பாருங்க. சுத்தின வைக்கோல் ஆயில் சீலை அறுத்தா அங்கே எண்ணெய் கசிஞ்சு புழுதி பிடிச்சிருக்கும். மேனுவலோ ஆட்டோவோ இரண்டுக்கும் இது உண்டு. சைலன்சர் மேலே சிக்கின வைக்கோலை அன்னன்னைக்கே எடுத்துடணும், தீப்பிடிக்கும். எலி கடிச்ச வயர் இருக்கான்னும் பாருங்க, வயல் ஓரம் நிக்கிற வண்டிக்கு எலிதான் முதல் எதிரி.

அரசலாறு:

ரொம்ப நன்றிங்க. சொன்ன மாதிரியே போலோவைப் பார்த்தாச்சு. காலையில் நல்லா இருந்தது. சூடான பிறகு மேம்பாலச் சாய்வில் ரிவர்ஸ் நல்லாவே உதறுது. ஸ்கேனில் பி17பிஎஃப் இருக்கு, "இன்டர்மிட்டன்ட்" (விட்டு விட்டு வருது) என்று காட்டுது. அந்த எரர் கோடை அழிச்சுட்டா சரியாயிடும்னு விற்கிறவர் சொல்றார். விலையில் 40,000 குறைக்கவும் தயார்.

கொள்ளிடக்கரை:

வேண்டாம் தம்பி. எரர் கோடை அழிக்கலாம், அழுத்தம் திரும்பி வராது. கிளட்ச் செட், மெக்கட்ரானிக் இரண்டும் ஒரே நேரத்தில் வாசலில் நிக்குது, 40,000 அதில் ஒரு மூலைக்குக் காணாது. இரண்டின் முழுச் செலவையும் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி, அதைக் கழிச்சுத் தருவார்னா மட்டும் பேசுங்க. தரமாட்டார்.

மன்னை பட்டறை:

புன்ட்டோ மேனுவலுக்கு நான் சொல்றேன். எஞ்சினை ஓட விட்டு நியூட்ரலில் காது கொடுங்க. கிளட்ச் மிதிக்காதப்போ கரகரன்னு இருந்து, மிதிச்சா நின்னா கியர்பாக்ஸ் இன்புட் பேரிங். மிதிக்கும்போது சத்தம் வந்தா ரிலீஸ் பேரிங், கிளட்ச் செட்டோடு போயிடும். அடுத்து நாலாவது கியரில் 2,000 ஆர்பிஎம், முழு ஆக்ஸிலேட்டர். இந்த எஞ்சின் முழு 212 என்எம்மும் அங்கேதான் கொடுக்கும். வேகம் ஏறாம ஆர்பிஎம் மட்டும் தாவினா கிளட்ச் வழுக்குது. கிளட்ச் செட்டும் கூலியும் லட்சத்துக்குள் அடங்கும், எந்தப் பட்டறையிலும் இறக்கலாம். டிஎஸ்ஜியோடு ஒப்பிட்டா எனக்கு இதுதான் பெரிய நிம்மதி.

40 கி.மீ. வேகத்தில் மூணிலிருந்து இரண்டுக்கு இறக்குங்க. கரக்னு கடிச்சா சின்க்ரோ (கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கிற வளையம்) தேஞ்சிருக்கு, பெட்டியைப் பிரிக்கணும். இரண்டாவது கியரில் நல்லா ஏத்திட்டுச் சட்டுனு காலை எடுங்க, கியர் நழுவி நியூட்ரலுக்கு வந்தா அந்த வண்டியை விட்டுடுங்க.

ரீமேப் (பவரைக் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாத்துறது) பண்ணினதான்னு கேளுங்க. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் இருக்கான்னு குளிரில் கேளுங்க, டிக் டிக்னு ஊதுற சத்தம் வரும், சூடானா மறைஞ்சிடும். ரைடு உயரம் 155 மி.மீ.தான், அதனால ஸ்பீட் பிரேக்கர் எஞ்சின் அடியில் இருக்கிற ஆயில் சம்ப் அடி வாங்கியிருக்கான்னும் பாருங்க. ஃபியட் இங்கே விற்பனையை நிறுத்திட்டதால ஹெட்லைட், பம்பர் மாதிரி உடல் பாகத்துக்கு அலையணும். அடிபட்ட வண்டியா இருந்தா அதுக்கே தவிர்க்கலாம்.

அரசலாறு:

சத்தம், வழுக்கல், கடி எதுவும் இல்ல. மண் கோடும் இல்ல. டைமிங் பெல்ட் மாத்தினதுக்கு மட்டும் பில் இல்ல. பேப்பர் பக்கம் காரைக்கால் பிஒய்-02-ல் இருந்து கும்பகோணம் டிஎன்-68-க்கு எப்படிக் கொண்டு வர்றது?

வெண்ணாறு:

காரைக்கால் பக்கத்து ஊர்தான், ஆனா வேற மாநிலக் கணக்கு. அங்கே படிவம் 28-ல் என்ஓசி (தடையில்லாச் சான்று) எடுத்துக் கொடுக்கிறது விற்கிறவர் பொறுப்பு. பேங்க் கடன் இருந்திருந்தா படிவம் 35-உம் பேங்க் கடிதமும். பெயர் மாத்த 29, 30. புது எண்ணுக்கு 27. இங்கே ஆயுள் வரி புதுசா கட்டணும், வண்டி விலையையும் வயசையும் வச்சுக் கணக்குப் போடுவாங்க. அந்தத் தொகையைக் கும்பகோணம் ஆபீஸில் விசாரிச்சு வந்து, அதையும் சேர்த்து விலை பேசுங்க. என்ஓசி கையில் வர்ற வரைக்கும் அட்வான்ஸுக்கு மேல் கொடுக்காதீங்க.

மன்னை பட்டறை:

பில் இல்லேன்னா பெல்ட் மாத்தலைன்னே வச்சுக்கங்க. 61,000 ஓட்டத்தைப் பார்க்காதீங்க, 2016 ரப்பர் அது. அறுந்தா வால்வு வளையும், எஞ்சின் ஹெட்டைக் கழட்டணும். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூணும் ஒண்ணா மாத்துங்க, பம்ப்பை ஓட்டுறதே அந்த பெல்ட்தான். அதே நாளில் கியர் ஆயிலும் கூலன்ட்டும் மாத்திடுங்க. காரைக்காலில் இருந்து ஓட்டி வர்றதுக்கு முன்னாடி மாத்த முடியலேன்னா, ரிகவரி வண்டியில் ஏத்திக் கொண்டு வாங்க.