படம் தெளிவாக வரவில்லை என்றால் எங்கே பார்ப்பது?

50 மெகாபிக்சல் போன் படத்தைவிடப் பழைய 12 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் படம் எப்படி நன்றாக இருக்கிறது என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒளியைப் பதிவு செய்யும் சில்லான சென்சாரின் பரப்பைப் பாருங்கள். பெரிய டிஎஸ்எல்ஆர்களில் வரும் ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ., அதாவது 864 சதுர மி.மீ. சின்னக் கேமராக்களில் வரும் 1/2.3 அங்குலச் சென்சார் 28 சதுர மி.மீ. சொச்சம்தான். எஃப் எண்ணும் (லென்ஸ் துளையின் அளவு) ஷட்டர் வேகமும் (ஒளியை உள்ளே விடும் நேரம்) ஒன்றாக இருந்தாலும் பெரியதில் விழும் ஒளி 30 மடங்கு. ஒளி குறைந்தால் நாய்ஸ், அதாவது படத்தில் தெரியும் புள்ளி புள்ளியான இரைச்சல், கூடும். அதை மறைக்க மென்பொருள் படத்தை மெழுகிவிடும். முடியும் புல்லும் ஆயில் பெயின்டிங் மாதிரி ஆவது அதனால்தான். '1 அங்குலச் சென்சார்' என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அது பழைய டிவி கேமரா குழாயின் விட்டத்தை வைத்து வந்த பெயர். சென்சாரின் மூலைவிட்டம் சுமார் 16 மி.மீ.தான்.

---

லென்ஸையும் சேர்த்துக்கணும். எஃப் 1.8 லென்ஸ் எவ்வளவு நல்லதா இருந்தாலும் ஒரு ஒளிப்புள்ளியைப் புள்ளியா விழவைக்க முடியாது. பச்சை ஒளின்னா சுமார் 2.4 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மி.மீ.ல ஆயிரத்துல ஒரு பங்கு) வட்டமா விழும். 48 மெகாபிக்சல் போன் சென்சார்ல ஒரு பிக்சல் பல மாடல்கள்ல 0.8 மைக்ரான். ஆக ஒரு புள்ளி மூணு பிக்சல் அகலத்துக்குப் பரவிடுது. போனே நாலு பிக்சலை ஒண்ணாச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாத் தர்றது சும்மா இல்ல. முழு 48-ஐ நல்ல வெயில்ல, அசையாத பொருளுக்கு மட்டும் போடுங்க. 8-க்கு 10 அங்குலப் பிரின்ட்டுக்கு 300 டிபிஐ-யில (அங்குலத்துக்கு 300 புள்ளி) 7.2 மெகாபிக்சல் போதும்.

---

கேமராவைக் குறை சொல்வதற்கு முன் கெட்டுப்போன படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்.

எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. சுவர் கூர்மையாக இருந்து ஆள் மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் மெதுவாக இருந்திருக்கிறது. இதற்கு ஓஐஎஸ் (அசைவை ஈடுகட்டும் லென்ஸ் வசதி) உதவாது. அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், குழந்தையின் ஓட்டத்தை அல்ல. படத்தின் விவரப் பக்கத்தில் ஷட்டர் வேகம் 1/20 நொடி என்றிருந்தால் புரிந்துவிடும். புரோ மோடில் 1/250 வையுங்கள், ஐஎஸ்ஓ (ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவு) ஏறினால் ஏறட்டும். நாய்ஸைப் பிறகு ஓரளவு குறைக்கலாம், கலங்கிய முகத்தைத் திருத்துவது ஆகாத காரியம். முகத்தை விட்டுப் பின்னால் இருக்கும் செடி கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறு: முகத்தின் மேல் தொட்டுவிட்டு எடுங்கள்.

வானமோ வெள்ளைச் சட்டையோ வெறும் வெள்ளையாக எரிந்துபோனால் அங்கே பதிவான விவரமே இல்லை, எந்த ஆப்பும் மீட்காது. எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) -0.7 அளவுக்கு இறக்கி எடுத்து, நிழலைப் பிறகு தூக்குங்கள். ரா ஃபைலாக (சென்சார் பதிவு செய்ததைச் சுருக்கித் திருத்தாத வடிவம்) எடுத்தால் தூக்க இடம் நிறைய: 8 பிட் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 12 பிட் ராவில் 4096.

---

மேலே விட்டுப்போனது: படம் முழுக்கப் பால் ஊற்றியது போலிருந்து, விளக்குகளிலிருந்து கோடு கோடாக ஒளி கிளம்பினால் லென்ஸ் மேல் விரல் எண்ணெய். மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போதும். சட்டை நுனியால் துடைத்தால் எண்ணெய் பரவத்தான் செய்யும்.

ஜூம் பற்றியும் ஒரு வார்த்தை. தனி டெலி லென்ஸ் (தூரத்தைக் கிட்டக் காட்டும் லென்ஸ்) இல்லாத போனில் 2 மடங்கு ஜூம் என்பது நடுப்பகுதியை வெட்டி எடுப்பதுதான். சென்சாரில் நாலில் ஒரு பங்குதான் மிச்சம். நடந்து கிட்டே போக முடிந்தால் போய்விடுங்கள்.

---

எடுத்த படம் நல்லா இருந்து, அனுப்பினதும் மங்கிப்போனா கேமராவைத் திட்டாதீங்க. வாட்ஸ்அப் சாதாரணமா அனுப்பும்போது படத்தைச் சுருக்கிடும். டாக்குமென்ட்டா இணைச்சு அனுப்பினா மூலப்படம் அப்படியே போகும்.