புடையன் கடித்த பின்னர் சிறுநீரகத்தில் நுண்ணிய உறைவு: கொம்பிளிமென்ற் தொகுதிக்கு இதில் பங்கு உண்டா?

கேள்வி: இரணைமடு மருமகன்

வணக்கம். கிளிநொச்சியில் கமம் செய்யும் என் மாமாவை, வரம்பு வெட்டிக்கொண்டிருந்தபோது முத்திரைப் புடையன் கடித்துவிட்டது. வைத்தியசாலையில் விஷமுறிவு மருந்து ஏற்றிய பின்னர் குருதி உறையத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார்கள். கண்டம் தப்பியது என்றே நாங்களும் நினைத்தோம். ஆனால் அதன் பிறகுதான் பிளேற்லெட் எண்ணிக்கை சரிந்து, சிறுநீர் வற்றி, டயலிசிஸ் வரைக்கும் போனது. சிறுநீரகத்தின் நுண்ணிய குருதிக்கலன்களில் உறைவு ஏற்பட்டுள்ளதாக வைத்தியர் விளக்கினார். இணையத்தில் தேடியபோது, இத்தகைய உறைவுக்குக் கொம்பிளிமென்ற் என்னும் நிர்ப்பீடனத் தொகுதியே காரணம் என்றும், அதற்கு எக்குலிசுமாப் என்ற ஊசி உண்டு என்றும் வாசித்தேன். உறைவுச் சோதனை சரியான பின்னரும் உறைவு எப்படி வந்தது? அந்த ஊசி மாமாவுக்கும் பொருந்துமா?

பதில்: நுணுக்குக்காட்டி

நான் ஆய்வுகூடத்தில் பணிபுரிபவள் என்பதால் முதற் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். சுத்தமான கண்ணாடிக் குழாயில் குருதியை 20 நிமிடங்கள் அசையாமல் வைத்து, பின்னர் சரித்துப் பார்க்கும் அந்தச் சோதனை, உறைதற் காரணிகள் தீர்ந்துபோயினவா என்பதையே காட்டும். புடையனின் விஷம் X ஆம், V ஆம் காரணிகளைத் தூண்டி அவற்றைச் செலவழித்துவிடுவதால் முதலில் குருதி உறையாமற் போகிறது; விஷம் நடுநிலையான பின்னர் ஈரல் புதிய காரணிகளை உற்பத்தி செய்ய, சோதனை சரியாகிவிடுகிறது. நுண்கலன்களின் உட்சுவர் புண்பட்டிருப்பதை அந்தக் குழாய் காட்டாது. அதைக் காட்டுவது குருதிப் படலம்: சாயமேற்றிய கண்ணாடித் தட்டில் பிளேற்லெட்டுகள் அருகியும், செங்குழியங்கள் தலைக்கவச வடிவில் இரு கொம்புகளுடன் துண்டுபட்டும் கிடக்கும். பாதி அடைபட்ட கலன்களுக்குள்ளால் நெரிபட்டுச் செல்லும்போதே அவை அப்படி உடைகின்றன. கலங்கள் உடையும்போது குருதியில் கலக்கும் எல்டிஎச் என்ற நொதியத்தின் அளவும் ஏறும். குழாயில் உறைவு வந்துவிட்டது என்பதற்காகக் குருதிப் படலத்தைப் பாராமல் விடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து.

பதில்: வவுனியா வைத்தியர்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கொம்பிளிமென்ற் என்பது பெரும்பாலும் ஈரலில் உருவாகும் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்களின் கூட்டம். அதன் மூன்று பாதைகளுள் மாற்றுப்பாதை எனப்படுவது, கிருமி இல்லாத வேளையிலும் மெல்ல இயங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே நம் கலங்களை அதனிடமிருந்து காக்க, காரணி எச் போன்ற கட்டுப்படுத்திகள் ஓயாமல் வேலை செய்யவேண்டும். பரம்பரையலகுக் குறைபாட்டாலோ, பிறபொருளெதிரிகளாலோ காரணி எச் செயலிழந்தால், சி3 என்னும் கொம்பிளிமென்ற் புரதத்தின் கூறுகள் கலன்களின் உட்சுவரில் படிகின்றன. அடுத்து சி5 என்னும் இன்னொரு புரதம் பிளவுபட்டு, மென்சவ்வைத் துளைக்கும் தொகுதி உருவாகிறது. புண்பட்ட சுவரில் பிளேற்லெட்டுகள் ஒட்டி உறைவு தோன்றுகிறது. சிறுநீரகமே இதில் அதிகம் அடிவாங்குகிறது. 'ஏஎச்யூஎஸ்' என்று நீங்கள் வாசித்திருக்கக்கூடிய நோய் இதுதான். அங்கே கொம்பிளிமென்ற் நிரூபிக்கப்பட்ட குற்றவாளி. சி5 புரதத்தைத் தடுக்கும் எக்குலிசுமாப், அந்நோய்க்கு அமெரிக்காவில் 2011 இல் அங்கீகாரம் பெற்றது.

பாம்புக்கடியில் நிலைமை வேறு. விஷம் தானாகவே கலன்சுவரைத் தாக்குகிறது. கொம்பிளிமென்றும் அதில் இழுபடக்கூடும் என்பதற்குச் சில தடயங்கள் உண்டு, ஆனால் அதுவே மூலகாரணம் என்று நிறுவப்படவில்லை. விஷம் ஒரு முறை வந்து போவது. பரம்பரைக் குறைபாடோ நிலைத்திருப்பது. எனவே பாம்புக்கடியால் வந்த உறைவு பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அதுவரை டயலிசிஸால் உயிரைத் தாங்கிப்பிடிப்பதே பிரதான சிகிச்சை. மிகுந்த விலையுள்ள அந்த ஊசியை இதற்கு வழமையாகக் கொடுப்பதில்லை. சி5 தடைப்பட்டால் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகொக்கசுக் கிருமி பரவும் ஆபத்தும் பெருமளவு கூடும் என்பதால், அதைத் 'தந்துதான் பார்ப்போமே' என்று தரக்கூடாது.

பதில்: உயர்தர உயிரியல்

நாகத்தின் விஷத்தில் கொம்பிளிமென்றைத் தூண்டும் புரதம் ஒன்று இருப்பதாக அறிந்திருக்கிறேன். அப்படியென்றால் நாகம் கடித்தவர்களுக்கல்லவா இந்த நோய் வரவேண்டும்?

பதில்: வவுனியா வைத்தியர்

நல்ல கேள்வி, தம்பி. அந்தப் புரதம் சி3 ஐ ஒத்தது. காரணி பி என்னும் இன்னொரு கொம்பிளிமென்ற் புரதத்துடன் இணைந்து, காரணி எச்சால் கட்டுப்படுத்த முடியாத நொதியமாகி, சி3 முழுவதையும் கரைத்துவிடும். ஆய்வுகூடங்களில் விலங்குகளின் கொம்பிளிமென்றைத் தீர்ப்பதற்கு அதைப் பல்லாண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். இருந்தும் நாகக்கடியில் மேலோங்குவது நரம்புப் பாதிப்பும் கடிவாயின் இழைய அழிவுமே. நுண்கலன் உறைவோடு அதிகம் பேசப்படுபவை புடையன் வகைப் பாம்புகள். கொம்பிளிமென்ற் தூண்டப்பட்டாலே உறைவு நோய் வந்துவிடும் என்று கணக்குப் போடமுடியாது என்பதற்கு இதுவே சான்று.

இரணைமடு மருமகன்

மிக்க நன்றி ஐயா, அக்கா. பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை செய்யவில்லையே என்று உறவினர்கள் குறைப்படுகிறார்கள். அது தேவைப்பட்டிருக்குமா?

பதில்: வவுனியா வைத்தியர்

அடம்ற்ஸ்-13 என்ற நொதியம் கடுமையாகக் குறைவதால் நுண்கலன்களில் உறைவு ஏற்படும் 'ரிரிபி' என்ற வேறொரு நோயில் பிளாஸ்மா மாற்று உயிர்காக்கும். பாம்புக்கடி உறைவில் அதனால் தெளிவான பயன் காட்டப்படவில்லை. ஆகவே அதைச் செய்யாததைக் குறையாகக் கொள்ளத் தேவையில்லை. ஆனால் பிளேற்லெட் ஏறி, சிறுநீரும் வந்த பின்னர் மீண்டும் இதே உறைவு தோன்றினால், பாம்பை மறந்துவிட்டு, கொம்பிளிமென்ற் குறைபாடு உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாமா கிளினிக்குக்குத் தவறாமல் சென்று, சிறுநீரகச் செயற்பாட்டைக் காட்டும் கிரியற்றினினையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளவேண்டும். கால்வலிக்கென்று டிக்ளோஃபெனாக் போன்ற நோவு மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்க விடாதீர்கள்.