அப்டேட்: பெரெட்டா 92 டிரிகர் கனம் குறைஞ்சுடுச்சு

முன்னாடி கேட்டிருந்தேன்ல, பெரெட்டா 92 பிஸ்டல்ல டபுள் ஆக்ஷன்ல (அதாவது டிரிகரை இழுக்கற ஒரே இழுப்புல ஹாமர், அதான் அடிக்கிற சுத்தியல், பின்னாடி போய் விடுபடறது) வர்ற முதல் ஷாட்டுக்கு டிரிகர் ரொம்ப டைட்டா இருக்கு, அந்த ஒரு குண்டு மட்டும் கீழ இடது பக்கமா போகுதுன்னு, அதோட அப்டேட் இது.

நிறைய பேர் சியரை (ஹாமரைப் பிடிச்சு வைக்கிற பாகம்) கல்லுல தேய்ச்சு பாலிஷ் போடச் சொன்னீங்க. அதுல நான் கையே வைக்கல, வைக்கவும் மாட்டேன். ஹாமரைப் பிடிச்சு நிக்கிற அந்த குட்டி விளிம்போட கோணம் மாறிச்சுன்னா ஹாமர் தானா நழுவலாம், அப்புறம் டிரிகர் லேசா இருந்து என்ன பிரயோஜனம்?

கன்ஸ்மித்கிட்ட (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) குடுத்து ஹாமர் ஸ்பிரிங்கை மட்டும் மாத்தினேன். ஸ்டாக்கா வர்றது 20 பவுண்டு, இது 16 பவுண்டு, டபுள் ஆக்ஷன் மட்டுமே உள்ள 92டி மாடலுக்கு வந்தது, அதான் எல்லாரும் 'டி ஸ்பிரிங்'னு சொல்றாங்க. முதல் இழுப்பு நல்லாவே லேசாயிடுச்சு. சிங்கிள் ஆக்ஷன்ல (ஹாமர் ஏற்கனவே பின்னாடி நிக்கறப்போ) பெருசா வித்தியாசம் தெரியல, அது முன்னாடியே ஓகேதான்.

ஸ்பிரிங் லேசாச்சுன்னா ஹாமர் அடியும் லேசாகும், ப்ரைமர் (தோட்டாவோட பின்பக்கம் இருக்கற, அடிச்சா பத்திக்கிற பகுதி) கெட்டியா இருக்கற குண்டு வெடிக்காம போகலாம். அதனால ரேஞ்சுல சுட்ட காலி தோட்டா கேஸை எல்லாம் பொறுக்கி பின்பக்கம் பாத்தேன், ஃபயரிங் பின் (ப்ரைமரைக் குத்துற ஊசி) குத்தின குழி ஆழமா நடுவுலயே இருக்கு. இன்னும் லேசான ஸ்பிரிங் கிடைக்குது, எனக்கு வேணாம்.

குண்டு கீழ போறது பாதி குறைஞ்சிருக்கு, மீதி என் விரல் வேலைதான். ஸ்னாப் கேப் (வெடிக்காத டம்மி தோட்டா) போட்டு, முன் சைட் மேல ஒரு காசு வச்சு, அது விழாம இழுத்துப் பழகிட்டிருக்கேன்.