மேடைப் பேச்சு: காதுக்கு எழுதக் கற்றுக்கொள்வது (அனுபவப் பகிர்வு)

இளங்கலைத் தமிழ் மாணவி, மூன்றாம் ஆண்டு:

கல்லூரிப் பேச்சுப் போட்டி என்றால் பெரும்பாலும் 5 நிமிடம். அந்த 5 நிமிடத்தைக் கெடுக்கும் பெரிய தவறு மேடை ஏறுமுன்பே, தாளிலேயே நடந்துவிடுகிறது. கட்டுரை ஒன்றை எழுதி, அப்படியே நெட்டுருப் போட்டு, மேடையில் ஒப்பிக்கிறோம். படிப்பவருக்கு ஒரு வரி பிடிபடவில்லை என்றால் இரண்டு வரி மேலே போய்த் திரும்பப் படித்துக்கொள்வார். கேட்பவரால் அது முடியாது. போன சொல் போனதுதான். பேச்சுக்கலையில் கற்க வேண்டியதெல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது.

போட்டி மேடைகளில் அடிக்கடி காதில் விழும் வகை வாக்கியம் ஒன்று: “பெண்கல்வியின் இன்றியமையாமையை முழுமையாக உணர்ந்து அதனை ஊக்குவிக்கும் சமுதாயமே முன்னேற்றப் பாதையில் பீடுநடை போடும் என்பதில் எள்ளளவும் ஐயமில்லை.” இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் தமிழில் பயனிலை கடைசியில் வரும். அது வரும்வரை முன்னால் வந்த சொற்களையெல்லாம் கேட்பவர் மனத்தில் சுமந்துகொண்டு நிற்க வேண்டும். ‘உணர்ந்து’, ‘ஊக்குவிக்கும்’, ‘போடும் என்பதில்’ என்று வாக்கியம் இழுத்துக்கொண்டே போனால் பாதி வழியில் கவனம் கழன்றுவிடும்.

அதே கருத்தைக் காதுக்கு எழுதிப் பாருங்கள்: “அம்மா படித்த வீட்டில் மருந்துச் சீட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டியதில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு எந்த மருந்து, எத்தனை வேளை என்று அவளுக்கே தெரியும். பெண்கல்வி என்றால் அதுதான்.” மூன்று வாக்கியம், ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியது. கேட்பவருக்குக் கண்முன் ஒரு வீடு வருகிறது. ஒரு வாக்கியத்துக்கு 10 முதல் 12 சொல் வரை போதும். ‘உணர்ந்து’, ‘ஊக்குவிக்கும்’ போல முடியாமல் நிற்கும் வினை, அதாவது எச்சம், இரண்டுக்கு மேல் வந்தால் அங்கேயே உடைத்துவிடலாம்.

அளவைப் பற்றி: நம் சொற்கள் வேற்றுமை உருபையும் விகுதியையும் ஒட்டிக்கொண்டு நீளமாக இருப்பவை. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 சொல் அளவில்தான் போகும். ஆகவே 5 நிமிடப் பேச்சுக்கு 400 சொல் அளவில் எழுதினால் சரியாக இருக்கும். 600 சொல் எழுதி வேகத்தால் ஈடுகட்டப் பார்ப்பவர்கள்தான் மணி அடிக்கும்போது நடுவாக்கியத்தில் நிற்கிறார்கள். வீட்டில் செல்போனில் பதிவு செய்து பார்த்தால் 4 நிமிடம் 30 நொடிக்குள் முடிய வேண்டும். மிச்சம் அரை நிமிடம் இடைநிறுத்தத்துக்கும் கைதட்டலுக்கும்.

விளிப்பிலும் நேரம் போகிறது. தலைவர், முதல்வர், நடுவர்கள், பேராசிரியர்கள், சக போட்டியாளர்கள் என்று ஒவ்வொருவருக்கும் அடைமொழியோடு வணக்கம் சொன்னால் 40 நொடி காலி. “அவையினர் அனைவருக்கும் வணக்கம்” என்பதில் மரியாதை எங்கும் குறையவில்லை.

போட்டிகளுக்கு நடுவராகப் போகும் தமிழாசிரியர்:

மாணவி சொன்னது முழுக்க சரி. எழுதி முடித்த தாளைச் சோதித்துப் பார்க்க நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களைக் கையில் வைத்துக்கொள்ளலாம். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொற் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. நூலுக்குச் சொன்னவை என்றாலும் பேச்சுக்கு அப்படியே பொருந்தும்.

மாணவர்களிடம் அதிகம் காண்பது ‘சென்று தேய்ந்து இறுதல்’. முதல் ஒரு நிமிடம் இடி முழக்கம், மூன்றாம் நிமிடத்தில் குரலும் கருத்தும் தேய்ந்து, கடைசியில் “இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன்”. காரணம் எளிது. ஒத்திகை எப்போதும் முதல் வரியில் தொடங்குகிறது. பாதியில் தடுக்கினால் மறுபடி முதலிலிருந்து. இப்படி முதல் பத்தி ஐம்பது தடவையும் கடைசிப் பத்தி ஐந்து தடவையும் பழகியிருக்கும். ஒத்திகையைக் கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குங்கள். அடுத்து அதற்கு முந்திய பத்தியையும் சேர்த்துச் சொல்லுங்கள். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால் பேசப் பேசப் பழகிய தடத்தில் போய்ச் சேருவீர்கள்.

‘கூறியது கூறல்’ குற்றம் என்று படித்துவிட்டு எந்தச் சொல்லும் இரண்டாம் முறை வராமல் பார்த்துக்கொள்பவர்களும் உண்டு. அது வேண்டாம். “எல்லா விளக்கும் விளக்கல்ல சான்றோர்க்குப் பொய்யா விளக்கே விளக்கு” என்பதில் விளக்கு நான்கு முறை வருகிறது. ஒரே சொல் ஒரே பொருளில் இப்படித் திரும்பத் திரும்ப வருவதைச் சொற்பொருள் பின்வருநிலையணி என்கிறோம். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் முன் மார்ட்டின் லூதர் கிங் ‘எனக்கொரு கனவு உண்டு’ என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அந்தத் தொடருக்குப் பின் புதிய காட்சி: ஜார்ஜியாவின் செம்மண் குன்றுகள், மிசிசிப்பி, அவருடைய நான்கு பிள்ளைகள். சொல் திரும்ப வரலாம், அதோடு புதிதாக ஒன்று வர வேண்டும். கருத்தே புதிதில்லாமல் திரும்பினால்தான் குற்றம்.

எல்லா அணியும் மேடைக்கு ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். சிலவற்றை வரிசையாகச் சொல்லி, அவற்றுக்குரியதைப் பின்னால் அதே வரிசையில் சொல்லும் நிரல்நிறை அணி தாளில் அழகு. “அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது” என்பதில் அன்புக்குப் பண்பு, அறனுக்குப் பயன் என்று கண் பொருத்திக்கொள்ளும். நீங்கள் நான்கு பெயரை வரிசையாகச் சொல்லி அவர்கள் செய்த நான்கு தொண்டை அப்புறம் வரிசையாகச் சொன்னால் எந்தக் காதாலும் பொருத்த முடியாது. பெயரையும் செயலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

குறள் சொல்லும்போது நடக்கும் ஒன்றைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். 649ஆம் குறள் அச்சில் சீர் பிரித்து இப்படி இருக்கும்: “பலசொல்லக் காமுறுவர் மன்றமா சற்ற சிலசொல்லல் தேற்றா தவர்.” அச்சில் உள்ள இடைவெளியில் நிறுத்தினால் ‘மன்றமா’, ‘சற்ற’ என்று பொருளே இல்லாத இரண்டு துண்டு விழுகிறது. அது ‘மன்ற’, ‘மாசற்ற’. இங்கே ‘மன்ற’ என்பதற்கு உறுதியாக என்று பொருள், அவையைக் குறிக்கும் மன்றம் அன்று. “பலசொல்லக் காமுறுவர் மன்ற” என்று ஒரு நிறுத்தம், “மாசற்ற சில சொல்லல் தேற்றாதவர்” என்று அடுத்தது. மேற்கோள் காட்டும் எந்தச் செய்யுளையும் முதலில் சந்தி பிரித்து, பொருள் பார்த்து, நிறுத்தும் இடத்தில் சாய்கோடு போட்டுக்கொள்ளுங்கள். 5 நிமிடத்துக்கு இரண்டு மேற்கோளுக்கு மேல் தேவையில்லை. நடுவர் மேசையில் இருப்பவர் கேட்க வந்தது உங்கள் கருத்தை.

உச்சரிப்புப் பயிற்சி தருபவர்:

ழகரத்துக்கு ஒரு வார்த்தை. ‘நுனிநா அணரி அண்ணம் வருட’ என்று தொல்காப்பியம் சொல்வதைச் செய்து பார்த்தால் போதும். நாக்கின் நுனி மேல்நோக்கி வளைய வேண்டும், அண்ணத்தில் ஒட்டிவிடாமல் வருட வேண்டும். ஒட்டினால் ளகரம் ஆகிவிடும். ‘ழ’வைத் தனியாகச் சொல்லிப் பழகுவதைவிட ல, ள, ழ மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பழகுவது பலன் தரும்: வால், வாள், வாழ். அலகு, அளகு, அழகு. ஒவ்வொன்றையும் மெதுவாகப் பத்து முறை, ஒரு வாரம். ‘வியாழக்கிழமை ஏழைக்கிழவன் வாழைப்பழத்தில் வழுக்கி விழுந்தான்’ என்பதை அதற்கப்புறம் எடுங்கள். தப்பாகச் சொல்லும் நாக்கை வேகமாக ஓட்டினால் தப்புதான் வேரூன்றும்.

இன்னொன்று, வாக்கியத்தின் கடைசி அசை. மூச்சு தீர்ந்துபோய் ‘இல்லை’யில் ‘லை’ தொண்டைக்குள் போய்விடுகிறது. தமிழில் ஆம் இல்லை என்பதே அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. அது விழுங்கப்பட்டால் கருத்தே தலைகீழாகும். எனவே கடைசிச் சொல்லுக்கு முன் ஒரு சிறு நிறுத்தம் வைத்து மூச்சை மிச்சம் பிடியுங்கள்.

ஒலி-ஒளி அமைப்பவர்:

மைக்கைத் தட்டாதீர்கள், ஊதாதீர்கள். “வணக்கம்” என்று சொன்னாலே வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். கையில் பிடிக்கும் மைக்குக்கும் வாய்க்கும் நான்கு விரல் இடைவெளி. நேராக வாய்க்கு முன் வைத்தால் ‘பாரதி’, ‘பெரியார்’ என்று பகரத்தில் தொடங்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ‘புஃப்’ என்று காற்று அடிக்கும். மோவாய்ப் பக்கமாகச் சற்றுச் சாய்த்து வைத்தால் காற்று மேலே போய்விடும், குரல் மட்டும் உள்ளே வரும். தலைப்பகுதியை உள்ளங்கையால் மூடிப் பிடித்தாலும், மைக்கோடு ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போனாலும் ‘கீ’ என்று கத்தும். பெட்டியிலிருந்து வரும் ஒலியை மைக் மறுபடி வாங்கிப் பெட்டிக்கே அனுப்புவதால் வரும் வினை அது. உடனே பின்னால் வாருங்கள், பேசிக்கொண்டே இருக்க வேண்டாம். குரலை உயர்த்தப் போகும் இடத்தில் ஒரு சாண் தள்ளிப் பிடிக்கவும், தாழ்த்தும் இடத்தில் நெருங்கவும் பழகிக்கொண்டால் கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் ஒரே அளவாகப் போய்ச் சேரும்.

பட்டிமன்றம், வழக்காடு மன்றம் பேசுபவர்:

உடனடித் தலைப்புக்குக் கிடைக்கும் 3 நிமிடத்தில் முழு வாக்கியங்கள் எழுத உட்காராதீர்கள் தம்பி, தங்கைகளே. சீட்டில் ஐந்து வரிதான்: முதல் வாக்கியம் முழுதாக, நடுவில் மூன்று சொல், கடைசி வாக்கியம் முழுதாக. கடைசி வாக்கியத்தை முதலில் எழுதுங்கள். போய்ச் சேரும் ஊர் தெரிந்தால் வழி தானாக அமையும். தலைப்பில் உள்ள பெரிய சொல்லை உடனே ஒரு ஆளாகவோ பொருளாகவோ மாற்றிக்கொள்ளுங்கள். ‘நீர் மேலாண்மை’ என்று வந்தால் உங்கள் ஊர் ஏரியின் மதகு, குடிமராமத்து, தெருக்குழாயில் வரிசையாக நிற்கும் குடங்கள்.

எதிரணிக்குப் பதில் சொல்வதில் வரிசை முக்கியம். அவர் சொன்னதை அவரே ஒப்புக்கொள்ளும்படி ஒரே வரியில் திருப்பிச் சொல்வது முதல் வேலை. அதில் எந்த இடம் நிற்கவில்லை என்று காட்டுவது அடுத்தது: எடுத்துக்காட்டு பொருந்தவில்லையா, காரணம் தவறா, ஒன்றிரண்டை வைத்து எல்லாவற்றுக்கும் சொல்கிறாரா? பிறகு உங்கள் சான்று. நான்காவதாக, உங்கள் அணியின் தலைப்புக்குத் திரும்புவது. இந்த நான்காவதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். மறுப்பு கைதட்டல் வாங்கும், ஆனால் தொகுப்புரையில் நடுவர் எடுத்துச் சொல்ல அணிக்கு ஒன்றும் மிஞ்சாது. முதல் படியைத் திரித்துச் செய்தால் எல்லாமே போச்சு. எதிரணி எழுந்து “நான் அப்படிச் சொல்லவில்லை” என்ற கணத்தில் அவை அவர் பக்கம் போய்விடும். அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரத்தை வள்ளுவர் அடுத்தடுத்து, 72ஆகவும் 73ஆகவும் வைத்திருக்கிறார். அவையை அறிந்துகொண்டால் அச்சத்தில் பாதி தானாகக் குறையும். அரை மணி முன்னதாகப் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து மேடையைப் பாருங்கள்.

இளங்கலைத் தமிழ் மாணவி:

நன்றி ஐயா, அண்ணா. நடுவில் மறந்துபோவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். வரிக்கு வரி மனப்பாடம் செய்த பேச்சில் ஒரு கண்ணி அறுந்தால் அடுத்தது எங்கே என்று தெரியாது. இதற்கு அந்தாதி கைகொடுக்கிறது. ஒரு பத்தியின் கடைசிச் சொல்லை அடுத்த பத்தியின் முதல் சொல்லாக எழுதிவிடுவது. “...அந்தக் கிணற்றில் இன்று தண்ணீர் இல்லை.” அடுத்த பத்தி: “தண்ணீர் இல்லாத ஊரில் முதலில் பள்ளியை விட்டு நிற்பது பெண் குழந்தை.” முந்திய பத்தியை முடித்த வாயே அடுத்ததை எடுத்துக் கொடுக்கிறது. எழுதும்போதே இப்படி நான்கு இடத்தில் கட்டிவிட்டால் நெட்டுருப் போட வேண்டியது முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் இந்த நான்கு முடிச்சும்தான்.

அப்படியும் நின்றுவிட்டால் “மன்னிக்கவும்” என்று சொல்ல வேண்டாம். கடைசியாகச் சொன்ன பெயர்ச்சொல்லை நிதானமாக இன்னொரு முறை சொல்லி, மூச்சை இழுத்து, அதிலிருந்து எந்த வாக்கியம் வருகிறதோ அதைச் சொல்லலாம். இரண்டு நொடி மௌனம் பேசுபவருக்குத்தான் நீளம். கேட்பவர் அதை அழுத்தத்துக்காக விட்ட இடைவெளி என்றே எடுத்துக்கொள்வார்.